அறுபத்தொன்பது மில்லிமீற்றர்

மகளின் அடிமட்டத்தை
மதர்போட்டின் மேல் நிறுத்தி
ஒற்றைக் கண்ணால் பார்க்கிறேன்.
புரொசெசரின் நெற்றியிலிருந்து
பக்கத் தகடு வரை
எழுபது.
ரோச் லைற் பிடித்திருந்த கஜரதி
"அறுபத்தொன்பது" என்கிறாள்.
சரி. அறுபத்தொன்பது.

கொழும்பிலிருந்து ரிஸ்மி
வட்ஸப்பில் படம் படமாக அனுப்புகிறான்.
முதலாவது, இரட்டைக் கோபுரம்,
நூற்று அறுபத்தைந்து உயரம்.
வடிவுதான்.
தேரைக் கொண்டுவந்து
கோழிக்கூட்டுக்குள் விடச் சொல்கிறாய், தம்பி.

இரண்டாவது, தண்ணீர்க் கூலர்.
கறுப்புக் குழாய் இரண்டு, குட்டிப் பம்ப்.
"அண்ணை, அஞ்சு வருசத்துக்கு ஒழுகாது"
குரற்பதிவில் சத்தியம் பண்ணுகிறான்.
வராது என்று சொன்ன தண்ணீர்
ஒரு மார்கழியில்
எங்கள் வாசற்படி ஏறிக்
கட்டிற்கால் வரை வந்து நின்றது.
அடுத்ததைக் காட்டு.

அடுத்தது முப்பத்தேழு உயரம். அப்பளம்.
நாலு தசம் எட்டு கிகாஹேர்ட்ஸில்
பொரிந்துவிடும்.

நாலு தசம் எட்டு எனக்கு எதற்கு?
முரசுமோட்டைச் சாமத்திய வீடு,
மூன்று கமரா, ஒரு ட்ரோன்.
கனடா மாமி பிளைட் ஏறுமுன்
பென்ட்ரைவ் கையில் வேண்டுமாம்.

பெரிய பெட்டியாக வாங்கு என்கிறார்கள்.
மேசையில் இடம் இருக்கிறது.
இதை வாங்கிய அன்று
கடையில் நான் செய்தது ஒன்றுதான்:
கைபிடியில் விரல் கொளுவித்
தூக்கிப் பார்த்தேன்.
ஒரு கை போதும்.
மற்றக் கை
பிள்ளையைப் பிடிக்க மிச்சம்.
எதற்கு என்று கஜரதி கேட்கவில்லை.
அவளுடைய தையல் மெஷினும்
மடித்துப் பூட்டித் தூக்குகிறதுதான்.

ஆடி மாதம். கச்சான் சுழற்றி அடிக்கிறது.
யன்னலைத் திறந்தால் கிரவல் புழுதி,
மூடினால் தகரம் இறக்கும் சூடு.
மத்தியானம் அறை முப்பத்தாறு பாகை.
எந்தச் செப்புக்குழாயும்
அறையை விடக் குளிர்ந்த காற்றை
எங்கிருந்தும் கொண்டுவராது,
இருக்கிறதைத்தான் தள்ளும்.
இதை ரிஸ்மிக்கு எழுதினேன்.
ஏசிக்குள் இருந்துகொண்டு
கட்டைவிரல் ஒன்றை அனுப்பினான்.

கடைசியில் அறுபத்தைந்து உயரத்தில் ஒன்று.
ஆறு செப்புக்குழாய், தட்டையான விசிறி.
விடிய நாலரைக்கு
பரந்தன் சந்தியில் பஸ் நிற்க,
கொண்டக்டர் நித்திரைக் கண்ணோடு
பாக்கு மூட்டைக்குப் பின்னாலிருந்து
பார்சலை இழுத்துத் தந்தான்.

பொருந்தவில்லை.
ராம் கட்டையின் மினுங்கல் கொண்டை இடித்தது.
கொண்டையைக் கழற்றினேன்.
விசிறிக்கும் தகட்டுக்கும் நாலு மில்லிமீற்றர்;
மூச்சு முட்டிக் கத்தியது.
கிறில் வேலை செய்யும் தயாபரனிடம்
தகட்டைக் கொடுத்து
நூற்றிருபது துளை போடுவித்தேன்.
எண்ணினான். நூற்றுப் பதினெட்டில்
ட்ரில் ஊசி முறிந்தது.
புழுதி உள்ளே போகாதபடி
விசிறியைப் புரட்டிப் பூட்டினேன்,
வெளியே ஊதட்டும்.
பேஸ்ட் பட்டாணி அளவு என்றது தாள்.
உளுந்தளவு வைத்தேன்.
பயந்து இன்னுமோர் உளுந்து.

நாலு தசம் எட்டு.
இரண்டாவது நிமிடம் தொண்ணூற்றேழு பாகை.
யாரும் சொல்லாமலே
தன் நடையைத் தானே தளர்த்திக்கொண்டது.
வோல்ற்றேஜைக் குறைத்தேன். உறைந்தது.
கொஞ்சம் கூட்டினேன். சுட்டது.
ரிஸ்மி கேட்கிறான்: "எப்பிடி அண்ணை?"
பதில் போடவில்லை.

இரவு ஒன்றரை.
கச்சான் அடங்கி, தகரம் ஆறி,
அறை இருபத்தெட்டுக்கு இறங்கியபோது
நாலு தசம் ஆறில் நின்றது,
எண்பத்தொரு பாகையில், ஆடாமல்.
மாமியின் பட்டுச்சேலை
சட்டம் சட்டமாக வெளியே வரத் தொடங்க
கதிரையிலேயே கண்ணயர்ந்தேன்.

விடியப் பார்த்தால் எண்பத்துநாலு.
படுக்க வைத்த பெட்டியில்
நூற்றுப் பதினெட்டுத் துளைகளுக்கு மேல்
மகளின் பள்ளிக்கூடச் சொக்ஸ் ஒரு சோடி
காய்கிறது.
"எட்டு மணிக்குப் பள்ளிக்கூடம்"
என்கிறாள் கஜரதி குசினிக்குள் இருந்து.
கொப்பியில் எழுதிக்கொண்டேன்:
ஒரு சோடி சொக்ஸ், மூன்று பாகை.